உண்டவர் சான்றிதழ்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு காப்பீட்டு நிறுவனம் இருந்தது. அதன் பெயர் நிழற்குடை ஆயுள் காப்பீடு. சாய்ந்து கிடந்த பெரிய மருத மரத்தின் பொந்துதான் அலுவலகம். அதற்குப் பின்னால் ஓடையை ஒட்டி, கோடையிலும் காயாத புல்வெளி ஒன்று கிடந்தது. அது முழுவதும் நிறுவனத்துக்குச் சொந்தம். எப்படிச் சொந்தமானது என்று யாருக்கும் தெரியாது. வேலி போட்டிருந்தார்கள்; அதனால் சொந்தம்தான் என்று விலங்குகள் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டன.

அந்தக் காட்டின் மேற்குச் சரிவில் கொம்பையா என்ற புள்ளிமான் தன் மனைவி வடிவோடும் ஒரு பெண் குட்டியோடும் வாழ்ந்து வந்தது. கொம்பையா யாரிடமும் முகத்தில் அடித்தாற்போலப் பேசத் தெரியாத மான். இதைத் தெரிந்துகொண்ட ஒரு மைனா தினமும் வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது. மைனா நிழற்குடை நிறுவனத்தின் ஏஜென்ட். முதுகில் உள்ள உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே பாலிசியைப் பற்றி எடுத்துச் சொல்லும். மாதம் ஒரு கூடை நெல்லிக்காய் கட்டினால் போதும். கொம்பையாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்துக்குக் கோடை முழுவதும் ஓடைக்கரைப் புல்வெளியில் ஒரு பங்கு மேய்ச்சல் கிடைக்கும்.

ஏதாவது என்றால் என்ன என்று கொம்பையா கேட்டது. நல்ல நேரத்தில் அதையெல்லாம் வாயால் சொல்லக்கூடாது, எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றது மைனா. பாலிசி ஒரு தேக்கிலையில் இருந்தது. அதன் பின்பக்கத்தை எறும்புகளை வைத்து எழுதியிருந்தார்கள். எழுத்தும் எறும்பின் அளவில்தான் இருந்தது. உண்ணி பொறுக்கிக் கொடுத்த பறவையிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று நினைத்து, கொம்பையா தன் குளம்பை அழுத்திக் கையெழுத்துப் போட்டது.

அதன் பிறகு மாதம் தவறாமல் நெல்லிக்காய் போயிற்று. குட்டிக்கு நெல்லிக்காய் என்றால் உயிர். வீட்டில் ஒன்றுகூடத் தங்குவதில்லையே என்று வடிவு முணுமுணுக்கும். கொம்பையா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, ரசீதை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வரும்.

மாசி கடைசியில் ஒரு மாலை, மான்கள் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது புலி வந்தது. கூட்டம் சிதறியது. வடிவு, குட்டி பின்தொடர, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்துவிட்டது. மற்ற மான்களும் அந்தப் பக்கம்தான் ஓடின. கொம்பையா மட்டும் எதிர்ப்பக்கம், மறைவே இல்லாத வெட்டவெளியில் ஓடியது. அது திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் பாறை மேட்டுக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்து எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது.

துக்கம் கேட்க வந்த மான்கள் கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பிறகு குரலைத் தாழ்த்தி, பாலிசி ஏதாவது இருந்ததா என்று கேட்டன.

வடிவுக்கு அழுகையோடு கோபமும் இருந்தது. இத்தனை வருடம் காட்டில் இருந்த மான், புதர் இருக்கும் பக்கம் ஓடவேண்டும் என்று தெரியாமலா வெட்டவெளிக்கு ஓடும்? அந்த ஒரு நொடியில் புத்தி எங்கே போயிற்று? செத்துப்போன புருஷனிடம் சண்டை போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனி பிறந்தது. சரிவில் புல் மஞ்சளாகி, பிறகு பொடியாகிவிட்டது. குட்டியின் விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. வடிவு பாலிசி இலையையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு நிழற்குடை அலுவலகத்துக்குப் போனது.

வாசலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் இருந்தது. அதன் திரையைத் தொடவேண்டும். வடிவு குளம்பால் தொட்டது. இயந்திரம் அதைத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற முயல் மூக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னது. மூக்கு ஈரமாக இருந்ததால் முதலில் புதிய பாலிசிக்கு டோக்கன் வந்தது, அடுத்து யானைகளுக்கான முதியோர் திட்டத்துக்கு வந்தது. மூக்கைப் புல்லில் துடைத்துவிட்டு இன்னொரு முறை தொட்டதும்தான் இறப்புக் கோரிக்கைக்கு வந்தது.

கவுண்டரில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பாலிசியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தது. ரசீதுகளை எல்லாம் சரிபார்த்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு அதற்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எப்படி இறந்தார்?" என்று கேட்டது.

"புலி, சார்."

"அது விபத்தா, இயற்கை மரணமா?"

வடிவு இதுவரை அப்படி யோசித்ததில்லை. "எங்க கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சார் போறாங்க" என்றது.

அப்படியானால் இயற்கை மரணம் என்று எழுதப் போன கொக்கு, இயற்கை மரணம் என்றால் புலி தொடுவதற்கு முன்பே உயிர் போய்விட்டதாக வைத்தியர் எழுதித் தரவேண்டும் என்றது. அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார் என்றது வடிவு. ஓடிக்கொண்டிருந்தவர் இயற்கையாக இறந்திருக்க வழியில்லை என்று கொக்கு முடிவு செய்து, எழுதியதை அடித்துவிட்டு, விபத்து என்று எழுதியது. விபத்து என்றால் வைத்தியர் வேண்டாம். விபத்தை ஏற்படுத்தியவர் எழுதித் தந்தால் போதும். அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது.

கொக்கு ஒரு தேக்கிலையை எடுத்து நீட்டியது. மேலே 'உண்டவர் சான்றிதழ்' என்று போட்டிருந்தது. இறந்தவரை முழுமையாக உண்டீரா, பகுதியாகவா? பகுதி என்றால் மீதி எங்கே? சம்பவத்தின்போது இறந்தவர் போதிய வேகத்தில் ஓடினாரா, அல்லது அவர் தரப்பில் கவனக்குறைவு இருந்ததா? அவர் இலுப்பைப்பூ தின்று மயக்கத்தில் இருந்தாரா? இவற்றுக்கெல்லாம் புலி பதில் எழுதி, கீழே பாதத்தைப் பதித்துத் தரவேண்டும்.

"புலிகிட்ட நான் எப்படி சார் போறது?" என்று வடிவு கேட்டது.

அது வாடிக்கையாளரின் வசதி, நிறுவனம் அதில் தலையிடுவதில்லை என்று கொக்கு பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

வடிவு மைனாவைத் தேடிப் போனது. மைனா இப்போது ஒரு காட்டெருமையின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. அக்கா, மாமா விஷயம் கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவே இல்லை என்றது. ஆனால் தன் வேலை பாலிசி போட்டுக் கொடுப்பது வரைதான் என்றும், ஆள் போன பிறகு வருவது வேறு பிரிவு என்றும் சொல்லிவிட்டு, எருமையின் காதுப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காட்டில் நுகர்வோர் குறைதீர் மன்றமும் இருந்தது. அதன் தலைவர் ஓர் ஆமை. ஆமை வடிவு சொன்னதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டது. நடுவில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது. நியாயம் முழுக்க உன் பக்கம்தான் அம்மா, சாப்பிட்டவனிடம் கையெழுத்து கேட்பதை எந்தச் சட்டமும் ஒப்புக்கொள்ளாது என்றது. நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கொண்டுபோகும் நத்தை போன வழக்குக்காகக் கிளம்பிப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்பிவிடலாம். மழைக்காலம் முடிந்து வந்து பார் என்று சொன்னது.

வெளியே நின்ற குட்டி, மன்றத்தின் ஓலைக் கூரையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வடிவுக்கு முடிவு வந்துவிட்டது. குட்டியைக் கூட்டத்தில் விட்டுவிட்டு, படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு பாறை மேட்டுப் பக்கம் நடந்தது.

புலியின் பெயர் சாந்தமூர்த்தி. உச்சி வெயில் நேரத்தில், சாப்பிட்டு முடித்து, பாறை நிழலில் படுத்திருந்தது. வடிவு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தது. நடுவில் ஒரு பள்ளம் இருக்கும்படியாக எதிர்மேட்டில் போய் நின்றது. படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா" என்று கூப்பிட்டது.

புலி ஒரு கண்ணைத் திறந்தது. ஒரு மான் தன்னைப் பார்த்து நிற்பதையும், அதுவே தன்னைக் கூப்பிட்டதையும் அதனால் நம்ப முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தது.

"என்னம்மா, வழி தவறிட்டியா?"

வடிவு தான் யார் என்பதைச் சொன்னது. ஓடைக்கரை, மாசிக் கடைசி, இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்த புள்ளிமான் என்று அடையாளமும் சொன்னது. புலி தலையைக் குனிந்துகொண்டது. அதன் வாழ்நாளில் சாப்பிட்டதைப் பற்றி யாரும் அதனிடம் வந்து விசாரித்ததில்லை.

"அது என் பொழைப்பும்மா" என்றது மெதுவாக.

"தெரியும் ஐயா. அதைக் கேக்க நான் வரல. கையெழுத்துக்கு வந்தேன்."

பிறகு பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டே படிவத்தில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தது. முழுமையாகவா, பகுதியாகவா என்று கேட்டபோது இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புலி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, முழுசா என்று சொன்னது. இலுப்பைப்பூ வாடை எதுவும் இல்லை என்றது. போதிய வேகத்தில் ஓடினாரா, கவனக்குறைவு இருந்ததா என்ற கேள்வி வந்தது. இதற்கு என்ன பதில் வரும் என்று தனக்கே தெரியும் என்பதுபோல வடிவு கண்ணை மூடிக்கொண்டது.

"கவனக்குறைவா?" என்றது புலி. "நான் முதல்ல வந்தது அவருக்காக இல்லம்மா. புதர்ப் பக்கம் ஒரு தாயும் குட்டியும் போச்சு. குட்டி பின்தங்கிடுச்சு. அதைத்தான் குறி வச்சேன். அவரு குறுக்க வந்தாரு. என் மூக்குக்கு முன்னால ஒரு தடவை நின்னு, வாலைத் தூக்கிக் காட்டிட்டு வெட்டவெளியில ஓடினாரு. பாறை மேடு வரைக்கும் என்னை இழுத்தடிச்சிட்டாரு. அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்ல."

வடிவு அப்படியே முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டது. ஒரு புலிக்கு முன்னால் எந்த மானும் அப்படி உட்காரக்கூடாது. ஆனால் வடிவு எழவில்லை. வெகுநேரம் அழுதது. இத்தனை நாள் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அழுதது. புலி அதுவரைக்கும் எதிரே இருந்த ஆலமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழுகை ஓய்ந்ததும் வடிவு படிவத்தைப் பள்ளத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கியது. புலி இறங்கி வந்து, தான் சொன்ன பதில்களை எழுதி, பாதத்தைச் சேற்றில் நனைத்து, பொறுப்பாக அழுத்திப் பதித்துக் கொடுத்தது.

மறுநாள் கொக்கு அந்தப் பாதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தது. இது புலியின் பாதம்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. பெரிய காட்டுப்பூனை ஏதாவது பதித்திருக்கலாம். ஆகவே சம்பந்தப்பட்ட புலி, தான் புலி என்பதற்கான அடையாளச் சான்றோடு நேரில் வரவேண்டும் என்றது. இதைச் சொல்லிவிட்டால் யாரும் திரும்பி வருவதில்லை என்பது கொக்குக்கு அனுபவத்தில் தெரியும்.

வடிவு மறுபடி பாறை மேட்டுக்குப் போனது. இந்த முறை பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் புலி தயங்கியது. அலுவலகம் என்றால் தனக்கும் கொஞ்சம் பயம்தான் என்று ஒப்புக்கொண்டது. அதுவும் அதே நிறுவனத்தில் ஒரு பாலிசி வைத்திருந்தது. மைனா உயரமான கிளையில் உட்கார்ந்து, பல்லுக்கென்றே ஒரு காப்பீட்டை அதன் தலையில் கட்டியிருந்தது. போன வருடம் ஒரு எலும்பைக் கடித்துக் கோரைப்பல் உடைந்துபோயிற்று. மென்று சாப்பிட்டதால் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று நிறுவனம் பதில் அனுப்பிவிட்டது.

"அவ்வளவு பெரிய இடத்துல சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றது புலி.

"மெல்லாம பல்லு எதுக்குண்ணே?" என்று வடிவு கேட்டது.

புலி யோசித்தது. இப்படி ஒரு கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று வியந்தது. சரி, வர்றேன் என்றது.

இருவரும் கிளம்பினார்கள். வடிவு முன்னால் நடக்கத் தொடங்கியதும் புலி நின்றுவிட்டது. "நீ முன்னால போகாத தாயி. எனக்கு மனசு ஒரு நிலையில இருக்காது" என்றது. எனவே புலி முன்னால் போனது. வடிவு, ஓடவேண்டி வந்தால் ஓடுவதற்கு வசதியாகக் கொஞ்சம் இடம் விட்டுப் பின்னால் போனது.

நிழற்குடை அலுவலகத்தில் அன்று நீண்ட வரிசை. புலி வாசலுக்கு வந்ததும் வரிசை இருந்த இடத்தில் தூசி மட்டும் இருந்தது. எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று புலி சுற்றிலும் பார்த்தது. டோக்கன் எடுக்கவேண்டுமா என்று வடிவிடம் கேட்டு, திரையை ஒரு விரலால் தொட்டது. நகம் உள்ளே இறங்கியது. இயந்திரம் தன்னிடம் இருந்த டோக்கன்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு அணைந்தது. புலி வருத்தப்பட்டு அவற்றைப் பொறுக்கி அடுக்கி வைக்கப் பார்த்தது.

கொக்கு மறைத்து வைத்திருந்த இன்னொரு காலையும் கீழே ஊன்றி, இரண்டு காலால் உந்திப் பறந்து கூரைக்குப் போய்விட்டது. உள்ளே இருந்து மேனேஜர் வெளியே வந்தது. மேனேஜர் ஒரு முள்ளம்பன்றி. வாடிக்கையாளர்கள் சத்தம் போடும் நாட்களில் முட்களை விரித்துக்கொண்டு வந்து நிற்பது அதன் வழக்கம். அன்றும் விரித்துக்கொண்டுதான் வந்தது. புலியைக் கண்டதும் முட்கள் தாமாகப் படிந்தன.

புலி இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மிகப் பணிவாக, இந்த அம்மாவின் வீட்டுக்காரரைச் சாப்பிட்டது நான்தான் என்று சொன்னது. அடையாளச் சான்று எதுவும் தன்னிடம் இல்லை, அதற்கு யாரைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டது.

"பார்த்தாலே தெரியுதுங்களே சார்" என்றது முள்ளம்பன்றி.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாடிக்கையாளர் நலனுக்காக மேனேஜருக்கு ஒரு சிறப்பு அதிகாரம் இருப்பது மேனேஜருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொக்கைக் கூரையிலிருந்து இறக்கி, சீல் குத்தச் சொன்னது. புல்வெளியில் ஓடைக்குப் பக்கத்துப் பங்கு வடிவுக்கு ஒதுக்கப்பட்டது. மென்றதால் வரும் சேதம் பற்றிய விதி எறும்புகள் செய்த எழுத்துப்பிழை என்று கண்டுபிடிக்கப்பட்டு, புலியின் பல்லுக்கும் அங்கேயே உத்தரவு எழுதப்பட்டது. இத்தனை நல்லவர்களை இவ்வளவு நாள் தவறாக நினைத்துவிட்டோமே என்று புலி சங்கடப்பட்டது.

அன்று மாலை வடிவும் குட்டியும் பச்சைப் புல்லில் நின்றன. குட்டி தலையைத் தூக்காமல் தின்றது. வடிவு அதனிடம் அப்பா எப்படி ஓடினார் என்று சொன்னது. எல்லாவற்றையும் சொன்னது, அதைத் தனக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் வடிவுக்குப் புல்வெளி கிடைத்த செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது. பாலிசி கிடப்பில் கிடந்த விலங்குகள் எல்லாம் வடிவிடம் வந்து வழி கேட்டன. வடிவு உள்ளதைச் சொன்னது: சட்டம் பேசவேண்டாம், புலியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சேர்ந்து பாறை மேட்டுக்குப் போக நாள் குறித்தன.

முள்ளம்பன்றி முட்டாள் இல்லை. அந்த நாளுக்கு முன்பே அது ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு பாறை மேட்டுக்குப் போய்விட்டது. சாந்தமூர்த்தியின் கழுத்தில் பொன்னாடையைப் போர்த்தியது. அன்றைக்கு நீங்கள் வந்து எங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள், ஏழை எளிய விலங்குகளின் கஷ்டம் புரிந்த ஒருவர் எங்களுக்கு வேண்டும் என்றது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலராக இருக்கும்படி கேட்டுக்கொண்டது. புலி பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டது. தன்னால் நாலு பேருக்கு நல்லது நடக்கும் என்று அதனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நியமன உத்தரவில் மதிய உணவு அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரு வரி இருந்தது. எப்படி என்று அதில் எழுதவில்லை. புலியும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மருத மரத்தின் கடைசிப் பொந்தில் ஒரு புது அறை திறக்கப்பட்டது. வாசலில், 'உங்கள் குறைகளை எந்த நேரமும் நேரில், தனியாக வந்து தெரிவிக்கலாம்' என்று பலகை மாட்டினார்கள்.

முதலில் வந்தது அழகம்மை என்ற கடமான். அதன் புருஷனின் பாலிசி இரண்டு கோடையாக இழுத்துக்கொண்டிருந்தது. குறைதீர்ப்பு அலுவலர் என்றதும் யாராவது ஆந்தையோ நாரையோ இருக்கும் என்று நினைத்து, ரசீதுகளோடு உள்ளே எட்டிப் பார்த்தது. மேஜைக்குப் பின்னால் சாந்தமூர்த்தி பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தது.

"வாங்கம்மா, உள்ளே வந்து உக்காருங்க" என்றது அன்பாக. "என்ன குறை? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

அழகம்மை ஒரு குறையும் இல்லை என்றது. இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றது. வாசலில் இருந்த கருத்துப் புத்தகத்தில் 'மிக்க திருப்தி' என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. அதற்குப் பிறகு வந்த முயலும் அதையே எழுதியது. காட்டுப்பன்றி தனக்கு எழுத நேரமில்லை என்று ஓடிக்கொண்டே கத்திவிட்டுப் போனது. கொக்கு அதன் சார்பில் எழுதிவைத்தது. பாறை மேட்டுக்குச் சேர்ந்து போக நாள் குறித்திருந்த குடும்பங்கள் தங்களுக்கும் குறை எதுவும் இருப்பதாக ஞாபகம் இல்லை என்று ஒன்றையொன்று தேற்றிக்கொண்டன.

ஆனி மாதம் ஆமை, அந்த ஆண்டு ஒரு புகார்கூட வராத நிறுவனம் என்று நிழற்குடைக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதை வாங்க முள்ளம்பன்றி நேரில் போனது. நத்தை இன்னும் திரும்பவில்லை.

சில நாட்களில் ஓடைக்கரையில் வடிவின் பங்கைச் சுற்றியிருந்த வேலி உள்ளே தள்ளி நடப்பட்டிருந்தது. ஓடைக்கு அருகே இருந்த நல்ல புல் வேலிக்கு வெளியே போய்விட்டது. வடிவு கவுண்டரில் கேட்டது. வேலி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, புல்தான் நகர்ந்திருக்கிறது என்றது கொக்கு. இதில் திருப்தி இல்லையென்றால் கடைசி அறைக்குப் போகலாம் என்றும் சொன்னது.

தனக்கென்ன, தான் அழுது முடிக்கும்வரை காத்திருந்த புலி அல்லவா என்று நினைத்து வடிவு கடைசி அறைக்கு நடந்தது. கதவருகே வந்து நின்றது. உச்சி நேரம். உள்ளே மேஜை காலியாக இருந்தது. மதிய உணவு இன்னும் வந்திருக்கவில்லை போலிருந்தது. சாந்தமூர்த்தி அதைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு எழுந்து நின்றது.

"வா தாயி. ரொம்ப நாளாச்சு. காலையில இருந்து உக்காந்திருக்கேன், ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. சொல்லு, உனக்கு என்ன குறை? உனக்குன்னா நான் உடனே பாக்கிறேன்."

அது மனதாரத்தான் சொன்னது. வடிவுக்கு அது தெரியும். ஆனாலும் இங்கே நடுவில் பள்ளம் இல்லை என்பதையும், காற்று எந்தப் பக்கமும் அடிக்கவில்லை என்பதையும் அது கவனித்தது.

"குறை ஒண்ணும் இல்லண்ணே" என்றது. "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

புலியின் முகம் வாடியது. மறுபடி உட்கார்ந்துகொண்டு, "இந்தக் காட்டுல எல்லாருமே அவ்வளவு திருப்தியாவா இருக்காங்க?" என்று கேட்டது.

"ஆமாண்ணே" என்றது வடிவு, பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தபடி. "எல்லாரும் ரொம்பத் திருப்தியா இருக்காங்க."

நீதி: எந்த இடத்தில் குறை சொல்ல ஆளே வருவதில்லையோ, அங்கே குறையே இல்லை என்று நம்புக. நம்பியபின், வாசலோடு திரும்பிவிடுக.